வெஞ்சனமும் நாக்கும்: ஆப்சோனின் என்ற சொல்லின் வழியே ஒரு நோயறி முறையின் வரலாறு

சென்ற ஆண்டு புனே நகரில் என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. உடல் துவண்டு கிடந்தது. மருத்துவர் இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்; முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தொடங்கினார். பாக்டீரியாத் தொற்றுதானா என்று உறுதியாகத் தெரிய இரண்டு மூன்று நாளாகும், இந்த வயதில் அவ்வளவு நேரம் காத்திருப்பது ஆபத்து என்றார். மூன்றாம் நாள் வந்த தாளில் ‘வளர்ச்சி ஏதுமில்லை’ என்றிருந்தது. அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று அத்தான் கேட்டார். மருத்துவர் மறுத்துவிட்டார். வளர்ப்பில் ஒன்றும் முளைக்கவில்லை என்பதற்கு உடலில் ஒன்றும் இல்லை என்று பொருளாகாது. பச்சிளங்குழந்தையிடமிருந்து எடுக்க முடிவது ஒரு மில்லிலிட்டர் இரத்தம், அதில் கிருமி அகப்படாமலே போகலாம். ஏழு நாள் மருந்துக்குப் பின் குழந்தை நலமாக வீடு திரும்பியது. அவன் உடலில் பாக்டீரியா இருந்ததா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

இது எங்கள் வீட்டோடு நிற்கும் கதையன்று. 2011 முதல் 2014 வரை தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் தொற்று குறித்து நடந்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. தீவிரக் கண்காணிப்பில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளை அது பின்தொடர்ந்தது. அவர்களுள் செப்சிஸ் எனக் கணிக்கப்பட்டவை 14.3 விழுக்காடு, வளர்ப்புச் சோதனையால் உறுதிப்பட்டவை மொத்தக் குழந்தைகளில் 6.2 விழுக்காடு மட்டுமே. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவம் ஊகத்தின் பேரிலேயே நடந்தது. கிடைத்த கிருமிகளோ பல மருந்துகளுக்குப் பணியாதவை. ஊகத்தின் பேரில் தரப்படும் ஒவ்வொரு மருந்தும் அப்பணியாமையை இன்னும் சற்று வளர்க்கிறது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

கிருமியைத் தேடிப் பிடிப்பது நோயறிதலின் ஒரு வழி. கிருமியைச் சந்தித்த உடல் என்ன செய்தது என்று உடலையே விசாரிப்பது மற்றொரு வழி. மொழியியல் படித்துவிட்டு அறிவியற் சொற்களின் வரலாற்றில் வந்து விழுந்தவன் என்ற முறையில், இந்த இரண்டாம் வழிக்குள் நான் நுழைந்தது ஒரு சொல்லின் மூலம். ‘ஆப்சோனின்’ என்பது அச்சொல்.

அச்சொல்லுக்கு முன்னோடியாக இன்னொரு சொல் உண்டு. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் என்ற உருசிய விலங்கியலாளர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முட்களைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் நகரும் உயிரணுக்கள் அம்முட்களைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. இவ்வணுக்களே உடலின் காவலர் என்ற கொள்கை அங்கே பிறந்தது. அவற்றுக்குப் பெயர் வைக்க வியன்னாவின் கார்ல் கிளவுஸ் உதவினார். ‘தின்னும் அணு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் கிடைத்தது. தமிழில் விழுங்கணு என்கிறோம். ஜெர்மன் அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியில், அதாவது சீரத்தில், உள்ள பொருள்களே கிருமியை அழிக்கின்றன என்றனர் அவர்கள். இருபது ஆண்டுகள் நீடித்தது அப்பூசல்.

பூசலின் நடுவே வந்தவர் ஆல்ம்ரோத் ரைட். 1892 முதல் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவப் பள்ளியில் நோயியல் பேராசிரியர். இந்திய மருத்துவப் பணிக்குத் தேர்வானவர்கள் கப்பலேறுமுன் பயிற்சி பெற்ற இடமும் அதுவே. டைஃபாய்டு தடுப்பூசியின் முன்னோடிகளுள் ஒருவர். 1898இல் இந்தியப் பிளேக் ஆணையத்தின் உறுப்பினராக இங்கு வந்தபோது, பிரித்தானியப் படைவீரர்களுக்கு அந்த ஊசியைப் போட்டும் பார்த்தார். 1902இல் இராணுவத்தை விட்டு இலண்டனின் செயிண்ட் மேரிஸ் மருத்துவமனைக்குச் சென்றார். மறு ஆண்டு ஸ்டூவர்ட் டக்ளஸுடன் இணைந்து ராயல் சொசைட்டியின் ஏட்டுக்கு ஒரு கட்டுரை அளித்தார்.

அக்கட்டுரையின் சோதனை எளிமையானது, அழகானதும்கூட. வெள்ளணுக்களை உப்புநீரில் நன்கு கழுவி, சீரத்தின் சுவடே இல்லாமல் ஆக்கினர். அவற்றோடு ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளைக் கலந்தபோது வெள்ளணுக்கள் அவற்றை ஏறத்தாழத் தொடவே இல்லை. சிறிது சீரம் சேர்த்ததும் வயிறு நிறைய விழுங்கின. 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய சீரம் பயன்படவில்லை. அடுத்ததுதான் முக்கியமான படி: கிருமிகளை முதலில் சீரத்தில் ஊறவைத்து, அதன் பிறகு சூடாக்கிக் கொடுத்தபோது வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கின. ஆகவே சீரம் வெள்ளணுவைத் தூண்டிவிடவில்லை. கிருமியின் மேல் ஏதோ ஒன்றைப் பூசிவைக்கிறது. அந்த ஏதோ ஒன்றுக்கு ரைட் இட்ட பெயரே ஆப்சோனின்.

மூலம் கிரேக்கம். ‘ஆப்சான்’ என்றால் ரொட்டியோடு சேர்த்து உண்ணும் பக்கவுணவு. உணவுப்பொருள் வாங்குதல், உணவு அமைத்துத் தருதல் என்பன அதனின்று பிறந்த வினைச்சொல்லின் பொருள்கள். பண்டைக் கிரேக்கரின் உணவில் தானியம் ஒருபுறம், ஆப்சான் மறுபுறம். நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை; சோறும் வெஞ்சனமும்தான் அது. தென்மாவட்டத்துச் சமையற்கட்டுகளில் புழங்கும் வெஞ்சனம் என்ற சொல்லுக்கு மூலம் வடமொழியின் ‘வியஞ்சன’. அச்சொல்லுக்குத் துணைக்கறி, மெய்யெழுத்து, வெளிப்படுத்தும் அடையாளம் என மூன்று பொருள்களும் உண்டு. மூன்றாம் பொருளைக் கட்டுரையின் பிற்பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசலில் இரு தரப்புக்கும் இச்சொல் இடம் தந்தது. தின்பது வெள்ளணுவே, ஆனால் சீரம் சமைத்துக் கொடுத்தால்தான் தின்னும். 1908இல் மெச்னிகோவுக்கும், எதிர்த்தரப்பின் பெரும்புலவரான பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது அறிவுலகம் ஏறக்குறைய இந்தச் சமரசத்துக்கு வந்திருந்தது.

ரைட் கோட்பாட்டோடு நிற்கவில்லை. இதைக் கொண்டு நோயறிய முடியும் என்றார். நெட்லியில் அவருடைய உதவியாளராக இருந்த வில்லியம் லீஷ்மன், விழுங்கப்பட்ட கிருமிகளை எண்ணும் முறையொன்றை 1902இலேயே வகுத்திருந்தார். (1903இல் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியை வெளிப்படுத்தியவரும் இவரே. அதே ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் அதே உயிரியைத் தனித்துக் கண்டார். இருவர் பெயரும் அதற்குச் சேர்ந்தன. கிருமியை விழுங்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் உயிரி அது என்பது இக்கதையின் ஓரத்தில் நிற்கும் ஒரு முரண்.) லீஷ்மனின் முறையை ரைட் திருத்தினார். ஒரு நுண்குழாயில் நோயாளியின் சீரம், கழுவிய வெள்ளணுக்கள், கிருமிக் கலவை மூன்றும் சம அளவில். உடற்சூட்டில் கால்மணி நேரம். பின் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு வெள்ளணுவுக்குள்ளும் எத்தனை கிருமி என்று எண்ண வேண்டும். ஐம்பது, நூறு அணுக்கள் வரை. கிடைக்கும் சராசரியை, நலமாக உள்ளவர்களின் சீரத்தால் கிடைக்கும் சராசரியால் வகுத்தால் வருவது ஆப்சோனிக் குறியெண். 0.8 முதல் 1.2 வரை இயல்பு. காசநோய்க் கிருமிக்கு எதிரான குறியெண் அதற்குக் கீழே சரிந்தாலோ, நாளுக்கு நாள் ஏறி இறங்கினாலோ காசநோய் என்று ஐயுற வேண்டும்.

இதன் புகழ் விரைந்து பரவியது. 1906இல் ரைட்டுக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு பெர்னார்ட் ஷா ‘டாக்டர்ஸ் டிலெமா’ நாடகத்தில் அவரையே முன்மாதிரியாக்கி ஒரு மருத்துவரைப் படைத்தார். ஆப்சோனின் என்ற சொல் இலண்டன் மேடையில் ஒலித்தது. அவ்வாண்டே ரைட்டின் துறையில் சேர்ந்த இளைஞர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்தவர் அத்துறையில் சேர்ந்த காலத்தில் செய்த பணி, இரவு வெகுநேரம் வரை நுண்ணோக்கியின் முன் அமர்ந்து வெள்ளணுக்களுக்குள் இருந்த புள்ளிகளை எண்ணுவதே.

வீழ்ச்சியும் விரைவில் வந்தது. வந்த திசை புள்ளியியல். ரைட்டின் டைஃபாய்டுத் தடுப்பூசிக் கணக்குகளை 1904இலேயே கார்ல் பியர்சன் கேள்விக்குள்ளாக்கியிருந்தார். குறியெண்ணை ஆராய்ந்தவர் பியர்சனிடம் பயின்ற மேஜர் கிரீன்வுட். (மேஜர் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர், இராணுவப் பதவி என எண்ணி ஏமாந்தவன் நான்.) 1909இல் அவரும் ஒயிட் என்பவரும் வெளியிட்ட கட்டுரை, ஓர் அணு விழுங்கும் கிருமிகளின் எண்ணிக்கை சமச்சீராகப் பரவுவதில்லை எனக் காட்டியது. பெரும்பாலான அணுக்களுள் ஓரிரு கிருமிகள், சிலவற்றுள் மட்டும் மிகப் பல. இப்படிப்பட்ட பரவலில் ஐம்பது அணுக்களின் சராசரி மிகவும் தள்ளாடும். 0.8க்கும் 1.2க்கும் இடையிலான வேறுபாட்டை எண்ணுபவரின் கண்களும் தற்செயலுமே உண்டாக்கிவிட முடியும். ரைட் கடைசிவரை இதை ஏற்கவில்லை. கணிதத்தைவிடத் தேர்ந்த கண்ணை நம்பியவர் அவர். சில ஆண்டுகளில் மருத்துவமனைகள் குறியெண்ணைக் கைவிட்டன.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தோடு முடித்துக்கொள்கின்றன: நல்ல கருத்து, துல்லியமற்ற அளவீடு. எனக்கு இவ்விளக்கம் போதவில்லை. மேலே கூறிய செய்முறையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். சீரம் நோயாளியுடையது. வெள்ளணுக்கள் யாருடையவை? அவை நலமாக உள்ள ஒருவருடையவை. பெரும்பாலும் ஆய்வகத்தில் பணிபுரிபவர் தம் விரலைக் குத்தி எடுத்தவை. விழுங்கணுவின் பெயரால் நடந்த அச்சோதனையில் நோயாளியின் விழுங்கணுவுக்கு இடமே இல்லை. அது எவ்வாறு மாறியிருக்கிறது என்று ரைட்டின் குறியெண் கேட்கவே இல்லை.

இவ்விடுபடலுக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வெஞ்சனம் என்று பெயரிட்டவுடன் கவனம் முழுவதும் தட்டின் மேல் சென்றுவிடுகிறது. உண்பவன் எவனாயினும் ஒன்றே, சமையலே வேறுபடுகிறது என்ற எண்ணம் உருவகத்துக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. ஆனால் சுவை என்று ஒன்று இருந்தால், அதை அறியும் நாக்கு என்று ஒன்றும் இருந்தாக வேண்டுமல்லவா? பூச்சு உள்ள கிருமியையும் பூச்சு இல்லாத கிருமியையும் வெள்ளணு எதைக் கொண்டு பிரித்தறிகிறது? ரைட்டின் சோதனை இக்கேள்வியின் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. உருவகம் தூண்டிய கேள்வியை அதே உருவகம் மறைத்தும் வைத்தது. (ரைட்டிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமானால், உயிரணுவின் மேலுறையை ஆராயும் கருவிகள் அன்று எவரிடமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.)

நாக்கு கிடைக்க அறுபது ஆண்டுகளாயின. இடைப்பட்ட காலத்தில் ஆப்சோனின் ஒரே பொருளன்று என்பது தெளிந்தது. சூட்டில் அழியாத வகையொன்றை நொய்ஃபெல்டும் ரிம்பௌவும் 1904இலேயே கண்டிருந்தனர், அது எதிர்ப்பொருள். சூட்டில் அழிவது நிரப்புப் புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் கண்ட சி-வினைப் புரதமும் இதே இனத்தின் பணியைச் செய்கிறது. இன்று காய்ச்சலுக்குப் போனால் ‘சி.ஆர்.பி.’ என்று எழுதித் தருகிறார்களே, அதுதான். ரைட்டின் வெஞ்சனங்களுள் ஒன்றை நாம் அறியாமலே அளந்துகொண்டுதான் இருக்கிறோம்.

1966இல் பெர்க்கெனும் பெனசெராஃபும் பெருவிழுங்கணுக்களின் மேற்பரப்பில் எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் உள்ளன எனக் காட்டினர். எதிர்ப்பொருள் தன் இரு கைகளால் கிருமியைப் பிடிக்கிறது. அதன் வாலை வெள்ளணுவின் ஏற்பி பிடிக்கிறது. சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்த மாதிரி, உயிரணுச் சவ்வை அசையாத தோலாகக் கருதும் வழக்கத்தை மாற்றியது. கொழுப்பாலான நீர்ம அடுக்கில் மிதந்து நகரும் புரதங்களின் கூட்டம் அது. ஏற்பிகள் அதில் நகர்ந்து கூடிக் கிருமியைச் சுற்றிப் பற்களால் பூட்டும் ‘ஜிப்’ போல மூடுகின்றன. சவ்வு என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அணு எதைச் சந்தித்ததோ அதற்கேற்பத் தன் மேலுள்ள புரதங்களைக் கூட்டும், குறைக்கும், உதிர்க்கும்.

இந்த மாற்றத்தைப் படிக்க இரு கருவிகள் வந்தன. ஒன்று, 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் உருவாக்கிய ஒற்றை வகை எதிர்ப்பொருள். சவ்வின் ஒரே ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் காணும். மற்றொன்று, லியனார்ட் ஹெர்சன்பெர்க் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் வளர்த்தெடுத்த ஒளிர்வு அணுப்பிரிப்பான். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற பெயரில் இன்று ஆய்வகங்களில் உள்ள கருவிகள் இந்த மரபில் வந்தவை. ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை அணுவில் ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர்க் கதிரின் முன் ஓடவிட்டால், ஒவ்வொன்றின் மேலும் அப்புரதம் எவ்வளவு என்பதை ஒளி சொல்லும். ஐம்பது அணுக்களை எண்ணிக் கண் பூத்த இடத்தில் பல்லாயிரம் அணுக்கள், சில நிமிடங்களில்.

புரதங்கள் பெருகியதும் பெயர்க் குழப்பம் வந்தது. ஒரே புரதத்துக்கு ஊருக்கொரு பெயர். 1982இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பணியரங்கு எல்லா எதிர்ப்பொருள்களையும் ஒப்பிட்டு, ஒரே மாதிரி ஒட்டுபவற்றைப் புள்ளியியல் முறையால் கொத்துகளாகத் தொகுத்து எண்ணிட்டது. சி.டி. என்பதிலுள்ள ‘சி’ அந்தக் கொத்தையே குறிக்கிறது. எந்தப் புள்ளியியலால் ஆப்சோனிக் குறியெண் வீழ்ந்ததோ, அதே கலையிலிருந்து புதிய பெயரிடும் முறை பிறந்தது. கிரேக்கமும் இல்லை, உருவகமும் இல்லை, எண் மட்டுமே. சொற்களை நேசிப்பவனுக்கு இது வறட்சியாகத்தான் படுகிறது. ஆயினும் எண்ணுக்குள் எதுவும் ஒளிந்துகொள்வதில்லை என்ற வசதியை மறுக்க முடியவில்லை. வியஞ்சனத்தின் மூன்றாம் பொருளான ‘அடையாளம்’ இங்கே வந்து பொருந்துகிறது. சவ்வின் மேல் அணு காட்டும் அடையாளத்துக்கு இப்போது எண் உண்டு.

எதிர்ப்பொருளின் வாலை மிக இறுக்கமாகப் பற்றும் ஏற்பிக்குக் கிடைத்த எண் 64. வெள்ளணுக்களில் மிகுதியானவை நியூட்ரோஃபில்கள்; நலமுள்ள ஒருவரின் நியூட்ரோஃபில் மேல் சி.டி.64 மிகச் சொற்பம். பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டதும் காமா இன்டர்ஃபெரான் உள்ளிட்ட செய்திப் புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன; நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் அந்த ஏற்பியைப் புதிதாக உற்பத்தி செய்து சவ்வின் மேல் பன்மடங்கு ஏற்றுகிறது. வெஞ்சனத்தை எதிர்பார்த்து நாக்கு வளர்கிறது என்று சொல்லிப் பார்க்கலாம். ‘புதிதாக உற்பத்தி செய்து’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சி.டி.11பி என்ற மற்றொரு புரதமும் தொற்றில் கூடுகிறது. ஆனால் அது அணுவுக்குள் முன்பே சேமித்து வைக்கப்பட்டிருப்பது. குழாயில் எடுத்த இரத்தம் சற்றுக் குளிர்ந்து மீண்டும் சூடேறினாலே மேலே வந்துவிடும். அதன் சாட்சியத்தில் நோய் எவ்வளவு, கையாண்டவரின் கை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். சி.டி.64 அவ்வாறு சட்டென்று மாறாது. இரத்தமும் ஐம்பது மைக்ரோலிட்டர் அளவு இருந்தால் போதும். பச்சிளங்குழந்தைகளைக் கருதும்போது இது சிறிய செய்தியன்று.

இங்கே கேள்வி கேட்கப்படுவது நோயாளியின் சொந்த வெள்ளணுவிடம். ரைட்டின் சோதனையில் விடுபட்ட சாட்சி அது.

இந்தச் சாட்சியும் பிழையற்றதன்று. செப்சிசைக் கண்டறிவதில் இச்சோதனையின் உணர்திறன் ஏறத்தாழ நான்கில் மூன்று என்ற அளவிலேயே தொகுப்பாய்வுகள் மதிப்பிடுகின்றன. நால்வரில் ஒருவரைத் தவறவிடும் சோதனையை நம்பி எந்தக் குழந்தை மருத்துவரும் மருந்தை நிறுத்தத் துணியமாட்டார். இன்டர்ஃபெரானைத் தூண்டும் வைரசுத் தொற்றுகள் சிலவற்றிலும் அந்த ஏற்பி கூடும். அதனால்தான் வைரசுத் தொற்றில் ஒற்றையணுக்களின் மேல் ஏறும் சி.டி.169 என்ற புரதத்தையும் சேர்த்து அளந்து, இரு சாட்சிகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ‘இயல்பு’ எது என்பதும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது. ரைட்டைப் படுத்திய அதே சிக்கல். அளவறிந்த ஒளிர்மணிகளை உடன் ஓடவிட்டு, அவற்றோடு ஒப்பிட்ட விகிதமாக முடிவைத் தருவது இதற்குக் கண்ட தீர்வு. அதே இரத்தத்திலுள்ள நிணவணுக்களில் சி.டி.64 இராது, ஒற்றையணுக்களில் என்றும் இருக்கும். ஆகவே சோதனை சரியாக நடந்ததா என்பதற்கான சான்றும் அதே துளிக்குள் கிடைத்துவிடுகிறது. அந்த விகிதத்துக்கு அவர்கள் வைத்துள்ள பெயர் சி.டி.64 குறியெண். ரைட்டின் சொற்களுள் ஒன்று நூறாண்டு கழித்து வேறு கதவு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

இந்தக் கருவி நமக்குப் புதியதன்று. 2004இல் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கிய பின், சி.டி.4 அணுக்களை எண்ணுவதற்காக இவ்வகை இயந்திரங்கள் மாவட்ட மையங்கள் பலவற்றை எட்டின. அதுவும் வெள்ளணுவின் சவ்விலுள்ள ஓர் அடையாளத்தைப் படிக்கும் வேலையே. பெருநகர மருத்துவமனைகளில் இவற்றின் பெரிய வகைகள் இரத்தப் புற்றுநோயை வகைப்படுத்த நாள்தோறும் ஓடுகின்றன. ஆனால் புற்றுநோய்ச் சோதனை காலையில் தொடங்கி மாலைக்குள் முடியலாம். செப்சிஸ் நள்ளிரவில் வரும். அந்நேரத்தில் கருவியை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் பணியில் இருக்க வேண்டும், ஒளிரும் எதிர்ப்பொருள் கையிருப்பில் இருக்க வேண்டும், அதற்கான செலவை யாரேனும் ஏற்க வேண்டும்.

என் மருமகனுக்கு மருந்து தொடங்கியபோது இரவு பதினொன்றரை மணி. அக்காவின் கோப்பில் சி.ஆர்.பி. முடிவு இருக்கிறது, வளர்ப்புச் சோதனையின் ‘வளர்ச்சி ஏதுமில்லை’ இருக்கிறது, வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையும் வகைவாரிக் கணக்கும் இருக்கின்றன. அவ்வணுக்களின் மேல் அன்றிரவு என்ன இருந்தது என்பதற்கு அத்தாளில் கட்டமே இல்லை.